வீக்கம் வேறு, அழற்சி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். அந்த அறுவை உடம்பில் உள்ள அழற்சியைக் குறைக்கும் என்ற விஷயமெல்லாம் சரிதான். ஆனால் 'அழற்சி' (ஆங்கிலத்தில் இன்ஃப்ளமேஷன்) என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் 'வீக்கம்' என்று போட்டிருக்கிறீர்கள். மண்டபத்தில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறேன். இந்த ஒரு சொல் என்ன பாடு படுத்தும் என்பது எனக்குத் தெரியும்.

பாம்பனில் இட்லிக் கடை வைத்திருக்கும் என் மதினிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரைப்பை பைபாஸ் என்ற எடைக் குறைப்பு அறுவையைச் செய்தார்கள். 112 கிலோ இருந்தவர் இப்போது 78. உங்கள் கட்டுரையைப் படித்ததும் காலைத் தூக்கி முக்காலியில் வைத்தார். "என்ன தம்பி, வீக்கம் வத்திரும்னு போட்டிருக்கு, எனக்கு அப்படியேதானே இருக்கு?" கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினேன். பிசைந்த மாவில் விழுகிற மாதிரி குழி விழுந்து, மெல்ல மேலே வந்தது. விடிகாலை நாலு மணியிலிருந்து அடுப்படியில் நிற்கிறவர். அது நீர் இறங்கிய கால், அதை டாக்டரிடம் தனியாகக் காட்ட வேண்டும். கட்டுரை சொன்னது இதை இல்லை.

அழல் என்றால் தீ. உடல் பருமனில் வரும் அழற்சி நீறு பூத்த நெருப்பு. தொட்டுப் பார்த்தால் தெரியாது, வலிக்காது. கொழுப்பு செல்கள் அளவுக்கு மீறிப் பெருத்தால் நோய் எதிர்ப்பு செல்கள் அங்கே வந்து கூடுகின்றன. டிஎன்எஃப், ஐஎல்-6 போன்ற அழற்சியைத் தூண்டும் ரசாயனங்கள் ரத்தத்தில் கலக்கின்றன. சேதி கல்லீரலுக்குப் போய், அது சிஆர்பி என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதைத்தான் என் லேபில் அளக்கிறோம். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேலேயே நின்றால் இதயத்துக்கு ஆபத்து கூடுதல் என்று கணக்கு. சளி, காய்ச்சல், சொத்தைப் பல் இருந்தாலும் ஏறும் என்பதால் ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது.

அறுவைக்கு முன் மதினிக்கு இந்த சிஆர்பி 11 இருந்தது. அறுவை முடிந்த மூன்றாம் நாள் 90-ஐத் தாண்டியது! அண்ணன் போனில் அழாத குறை. பயப்பட ஒன்றுமில்லை, கத்தி பட்ட உடம்பில் முதல் சில நாள் அது ஏறத்தான் செய்யும். இறங்காமல் மேலே போய், காய்ச்சலும் வயிற்று வலியும் படபடப்பும் சேர்ந்தால்தான் வயிற்றுக்குள் போட்ட தையல் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். ஒரு வருஷம் கழித்து எடுத்தபோது 2.4. சர்க்கரை சில நாளிலேயே இறங்கிவிட்டது, குடல் ஹார்மோன்கள் மாறுவதும் சாப்பாடு குறைவதும் அதற்குக் காரணம். அழற்சி அப்படி இல்லை, பெரும்பாலும் எடையோடு சேர்ந்துதான் மாதக்கணக்கில் இறங்கும். எடை திரும்பினால் அதுவும் திரும்பும்.

'வீக்கம்' என்று எழுதியதால் எனக்கு இத்தனை கோபம் வரக் காரணம் இனிமேல்தான். அறுவை முடிந்து எட்டாம் மாதம் மதினிக்கு முட்டி வலி. மருந்துக் கடையில் போய் "வீக்க மாத்திரை" என்று கேட்டார், டைக்ளோஃபினாக் கொடுத்தார்கள். மூன்று வாரம் விழுங்கினார். ஒரு நாள் கறுப்பாக மலம் போனது, தலை சுற்றிக் கல்லாப்பெட்டி மேலேயே சாய்ந்துவிட்டார். பைபாஸில் சிறிய இரைப்பைப் பையையும் சிறுகுடலையும் இணைக்கிற இடத்தில் அந்த மாத்திரையால் புண் வந்து ரத்தம் கசிந்திருக்கிறது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளை இந்த அறுவை செய்தவர்கள் தவிர்க்க வேண்டும். வலிக்கு பாராசிட்டமால், அதையும் டாக்டர் சொன்ன அளவில். டிஸ்சார்ஜ் தாளில் இது இருந்தது, ஆங்கிலத்தில், மூன்றாம் பக்கத்தில். படித்துச் சொல்ல ஆள் இல்லை. லேப்காரன் நான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

இப்போது நீங்களும் 'அறுவை வீக்கத்தைக் குறைக்கும்' என்று எழுதினால், அறுவை எதற்கு, வீக்க மாத்திரையே போதுமே என்று ஒருவர் நினைக்க மாட்டாரா? அந்த மாத்திரை முட்டி வலியை அமுக்கும். கொழுப்பில் கனன்றுகொண்டிருப்பதை அது அணைக்காது.

அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். கூடவே தவிர்க்க வேண்டிய மாத்திரைகளின் பெயரைத் தமிழில் ஒரு கட்டத்துக்குள் போடுங்கள், வெட்டி வைத்துக்கொள்கிற மாதிரி. மதினி இப்போதைக்குக் கடையின் பற்று நோட்டு அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். மருந்துக் கடைக்குப் போனால் அந்த நோட்டும் கூடப் போகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மண்டபம்.