குடம் பேரில் ஒரு ஊர், வனைதல் என்று ஒரு சொல்

கும்பகோணம்
ஆடி 19

அன்புள்ள சாமிநாதா,

கடிதம் கிடைத்தது. நேற்று பெருக்குக்குப் பகவத் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் இருக்கிறது. என் முழங்கால்தான் மூணாவது படியோடு நின்றுவிட்டது.

சரி, பேத்தி கேட்ட கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கச் செய்தியில் வரும் 'இன்டைட்மென்ட்' நம் குற்றப்பத்திரிகைதானா என்கிறாள். கிட்டத்தட்ட, ஆனால் அதுவல்ல. குற்றப்பத்திரிகை போலீஸ் எழுதுவது. சட்டப் புத்தகம் அதைக் 'காவல்துறை அறிக்கை' என்றுதான் சொல்லும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173-வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 193. அதைப் படித்து, வழக்கு நடத்த முகாந்திரம் உண்டென்று பட்டால் நீதிபதி எழுதுவதுதான் குற்றச்சாட்டு. அதை 'வனைதல்' என்போம். குடத்தின் பேரில் இருக்கும் ஊரில் உட்கார்ந்து அந்தச் சொல்லைக் கோர்ட்டில் முப்பது வருஷம் எழுதியிருக்கிறேன், ஒருநாளும் குயவர் சக்கரம் நினைவுக்கு வந்ததில்லை! மண் போலீஸ் கொண்டுவருவது, பானை கோர்ட் செய்வது. மண்ணே சரியில்லை என்றால் விடுவிப்பு.

இன்டைட்மென்ட் கதை வேறு. லத்தீனில் 'டிக்டாரே' என்றால் ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதுவது. அதிலிருந்து பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்த இந்தச் சொல்லுக்குள், பிற்காலப் பண்டிதர்கள் லத்தீன் வாசனைக்காக ஒரு 'சி' (c) எழுத்தை நுழைத்தார்கள். எழுத்தில் உட்கார்ந்ததே தவிர வாயில் ஏறவில்லை. இங்கிலாந்தில், வழக்கு நடத்தலாமா என்று பார்க்கும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரியில் 12 பேராவது ஒப்பினால்தான் குற்றச்சாட்டுத் தாள் இன்டைட்மென்ட் ஆகும், வழக்கும் நடக்கும். ஒப்பாவிட்டால் அந்தத் தாளின் முதுகில் 'இக்னொராமஸ்' என்று எழுதுவார்கள். 'அறியோம்' என்று பொருள். அப்புறம் அதுவே முட்டாளுக்குப் பேராகிவிட்டது. இங்கிலாந்து அந்த ஜூரியை 1933-ல் விட்டது, அமெரிக்கா இன்னும் வைத்திருக்கிறது.

நம்மிடம் வனைந்ததைப் படித்துக்காட்டி, 'ஒப்புக்கொள்கிறீரா?' என்று கேட்க வேண்டும். ஒரு மடைத் தகராறு வழக்கில், பெரியவர் ஒருவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மடையைத் திறந்தது நான்தாங்க. தண்ணி என் வயலுக்கு வந்ததுல என்னங்க குத்தம்?" என்றார். இது ஒப்புதலா, மறுப்பா? என் பேனா நின்றுவிட்டது. நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மறுக்கிறார்னு எழுதுங்க" என்றார். அவர் சொல்ல நான் எழுதினேன். டிக்டாரே!

திருத்துறைப்பூண்டிப் பக்கம், உன் கடைமடை வரை தண்ணீர் எட்டிவிட்டதா? அதை எழுது.

அன்புடன்,
கோவிந்தன்