அகிலிஸின் குதிகாலும் ஹோமரும்

ஆசிரியருக்கு,

கிரேக்க வீரன் அகிலிஸ் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் குதிகாலைத் தவிர அவன் உடம்பில் எங்குமே காயம் படாது என்ற கதையை கிரேக்கக் கவிஞர் ஹோமர் தலையில் கட்டிவிட்டீர்களே! ட்ராய் போரைப் பாடும் அவருடைய இலியட் காவியத்தில் அது எங்குமே இல்லை. காயம் படாமல் இருக்க, தாய் தெடிஸ் குழந்தை அகிலிஸைக் குதிகாலில் பிடித்துப் பாதாள உலகின் ஸ்டிக்ஸ் நதியில் முக்கியெடுத்த கதை, கி.பி. 1ஆம் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸிடம்தான் நமக்கு முதலில் கிடைக்கிறது. இலியட் 21ஆம் காண்டத்தில் ட்ராய் தரப்பு வீரன் அஸ்டெரோபயஸ் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் ஈட்டி எறிகிறான், ஒன்று கேடயத்தில் பட்டு நிற்கிறது, மற்றது அகிலிஸின் வலது முழங்கையை உரசி ரத்தம் கொட்டுகிறது. உடம்பே இரும்பு என்றால் இது எப்படி? அகிலிஸ் சாவதும் அதில் வராது, அகிலிஸ் கொன்ற ட்ராய் இளவரசன் ஹெக்டரின் இறுதிச் சடங்கோடு காவியம் முடிந்துவிடும்.

அப்புறம், மகன் ஹெக்டரைக் கொன்ற அகிலிஸின் கையையே ட்ராய் மன்னர், கிழவர் பிரியாம் முத்தமிட்டு, உடலைக் கொடு என்று கெஞ்சுகிற இடத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள் ஐயா! அதற்கு அரைப் பக்கமாவது கொடுத்திருக்கலாம்.