அகலமான படகாகப் பார்த்து எடு

தேவனாம்பட்டினம், கடலூர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். மின்னசோட்டாவில் உன் ஏரியில் மீன் பிடிக்க வாங்கலாமா என்று நீ அனுப்பிய இரண்டு அலுமினியப் படகுகளின் படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், அப்புறம் உன் இஷ்டத்துக்குத்தான் செய்வாய். எழுத்தில் இருந்தால் விற்கிறவன் வீட்டு வாசலில் நின்றுகொண்டே எடுத்துப் பார்க்கலாம்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 12 அடி தட்டை அடிப் படகு வேண்டாம். 14 அடியில் அணியம், அதாவது முன்முனை, கூர்மையாக, அடி வி வடிவில் இருக்கிறதே, அந்தப் பழைய படகைப் பார்.

தட்டைப் படகு புதுசாகப் பளபளவென்று இருக்கிறது, விலையும் கட்டுகிறது, ஏறி நின்றால் ஆடவில்லை என்கிறாய். நின்ற தண்ணீரில் ஆடாதுதான். கோரை மண்டிய குட்டை, முழங்கால் ஆழத் தண்ணீர், அங்கெல்லாம் அதை அடிக்க வேறு படகு கிடையாது. உன் ஏரி அக்கரைக்கு இரண்டு மைல் என்றாயே. அவ்வளவு திறந்த வெளியில் காற்று எழும்பினால் ஏரி அலை கடல் அலை மாதிரி நீளமாக வராது. குட்டையாக, நெருக்கமாக, சுவர் சுவராக வரும். வீராணத்தில் காற்று நாளில் கரையில் நின்றாலே தெரியும், ஏரிதானே என்று யாரும் இளக்காரமாகப் பேச மாட்டார்கள். தட்டை அணியம் அந்த அலையில் ஒவ்வொன்றுக்கும் அறை வாங்கும், தண்ணீர் மடியில் வந்து விழும். கூர்மையான அணியம் வெட்டிக்கொண்டு போகும்.

அந்தத் தட்டைப் படகின் பெயரிலேயே 1232 என்று போட்டிருக்கிறான். 12 அடி நீளம், அடித்தளம் 32 அங்குல அகலம். 32 அங்குலம் என்றால் மூன்றடிகூட இல்லை. ஒரு பெரிய மீன் இழுத்ததும் நீயும் பேரனும் ஒரே பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்று யோசி. அமெரிக்காவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுத்தால் எத்தனை பேர் ஏறலாம் என்று வரும். 14க்கு 5 அடி படகில் நாலு பேர். நீ, மருமகள், பேரன், நான் வந்தால் நான். அம்மா எப்படியும் ஏற மாட்டாள். பின்பக்கத்தில் தகடு ஒட்டியிருக்கும், ஆள் எடை, மொத்த எடை, மோட்டார் குதிரைசக்தி எல்லாம் அதில் இருக்கும். கணக்கைவிட அந்தத் தகடு சொல்வதே கடைசி வார்த்தை. தகட்டைப் பிடுங்கிவிட்ட படகாக இருந்தால் ஏன் பிடுங்கினான் என்று கேள்.

அலுமினியத்தைப் பற்றி உனக்கு என்னப்பா தெரியும் என்பாய். நான் ஃபைபர்காரன், உண்மைதான். ரெசின் பசையும் மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பும் குழைத்தே கை நாறிப்போனவன். நம் கரையில் அலை முறித்து மணலில் ஏற்ற வேண்டும், உப்புத் தண்ணீர், உடைந்தால் அன்றைக்கே ஒட்டிச் சாயங்காலம் இறக்க வேண்டும். அதற்கு ஃபைபர் சரி. உன் ஏரி நல்ல தண்ணீர், ட்ரெய்லரில் ஏற்றி இறக்குகிறாய், பாறையில் இடிக்கும். இடித்தால் ஃபைபர் விண்டுபோகும், அலுமினியம் பெரும்பாலும் நெளிவதோடு நிற்கும். உன் மாநிலத்திலேயே நியூயார்க் மில்ஸ் என்ற ஊரில் லண்ட் கம்பெனி 1948இலிருந்து அலுமினியப் படகு கட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஏரிகளுக்கு எது பொருந்தும் என்று அவர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள்.

தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைத்ததா, வெல்டிங் வைத்ததா என்று குழம்பாதே. ரிவெட் ஒழுகும் என்று பயமுறுத்துவார்கள். ஒழுகினால் திரும்ப இறுக்கலாம்: ஒருவர் வெளியே ரிவெட்டின் தலையில் கனத்த இரும்பை அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் உள்ளேயிருந்து தட்ட வேண்டும். வெல்டிங் விண்டால் அலுமினியம் ஒட்டத் தெரிந்த ஆளைத் தேடி நீ அலைய வேண்டும்.

பழைய படகை எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் கவனமாகப் படி. 2004 சுனாமிக்குப் பிறகு இலவசமாக வந்த ஃபைபர் படகுகளில் பல அவசரத்தில் கட்டியவை. வெளியே பெயிண்ட் கண்ணைப் பறிக்கும், உள்ளே மேட் ரெசின் குடிக்காமல் வறண்டு கிடக்கும். அதனால் பெயிண்டைப் பார்க்காதே. படகு ட்ரெய்லரில் இருக்கும்போதே தண்ணீர் வடிக்கும் ஓட்டையில் அடித் தக்கையைப் போட்டு, ஹோஸ் பைப்பால் உள்ளே தண்ணீர் விடு. நாலு விரல் உயரம் போதும். நிரப்பிவிடாதே, தண்ணீர் கனம் தாங்காமல் படகே கெட்டுவிடும். அப்புறம் கீழே படுத்து ஒவ்வொரு ரிவெட் வரிசையாகப் பார். துளி நிற்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடு. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் கவலையில்லை, அதைச் சொல்லியே விலையைக் குறை. அடியில் நடுவே நீளமாக ஓடும் ஏராவை ஒட்டி வரிசையாக ஒழுகினால் வந்துவிடு.

அடுத்தது மோட்டார் மாட்டும் பின்பலகை. இரண்டு தகட்டுக்கு நடுவில் பிளைவுட் வைத்திருப்பார்கள், அது உளுத்தால் வெளியே தெரியாது. மோட்டாரை மேலே தூக்கி நிறுத்தி, அதன் கீழ்முனையில் கையை வைத்து அழுத்து. பலகை லேசாக வளைந்தாலும் உள்ளே மரம் போய்விட்டது. அதை மாற்றியிருப்பதாகச் சொன்னால் என்ன மரம் என்று கேள். மருந்து ஏற்றிய மரத்தில் பெரும்பாலும் செம்பு இருக்கும், செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். படகுக்குள் செம்புக் கம்பித் துண்டு, காசு எதுவும் விழுந்து கிடக்க விடாதே.

இருக்கைக்கு அடியில் இருக்கும் ஃபோம், படகில் தண்ணீர் புகுந்தாலும் அதை மிதக்க வைப்பதற்கு. பழசானால் அது தண்ணீர் குடிக்கும். அணியத்தைத் தூக்கிப் பார்க்கையில் தகரப் படகுக்கு இவ்வளவு கனமா என்று தோன்றினால் சந்தேகப்படு.

மோட்டாருக்கு இப்போதே காசைக் கொட்டாதே. தகட்டில் 25 என்று இருந்தாலும் 9.9 குதிரைசக்தி உனக்குத் தாராளம். வாங்கும் முன் பின்பலகை உயரத்தை அள, 15 அங்குலமா 20ஆ என்று. அதற்கேற்ற தண்டு நீளம் இல்லாவிட்டால் விசிறி தண்ணீரில் சரியாக நிற்காது. 3 குதிரைசக்தியோ அதற்கு மேலோ உள்ள மோட்டாரில், ஆள் விழுந்தால் அதை நிறுத்தும் சுவிட்ச் இருந்தால், வேகமாக ஓட்டும்போது அதன் கயிற்றை ஓட்டுகிறவன் உடம்பில் மாட்ட வேண்டும் என்று 2021இலிருந்து அமெரிக்கச் சட்டம். சட்டத்துக்காக இல்லை, விழுந்தவனை விட்டுவிட்டுப் படகு ஓடிவிடக் கூடாது என்பதற்காக மாட்டு.

பேரனுக்கு லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகை நகர்த்தாதே. 10 வயதுக்குக் கீழே கட்டாயம் என்று உன் மின்னசோட்டா சட்டமே சொல்கிறது. நீயும் போடு. கடலில் நீந்தியவன் என்ற திமிர் அங்கே வேலைக்காகாது. மே மாதத் தண்ணீர் உங்கள் ஊரில் ஐஸ் உருகி வந்த தண்ணீர், விழுந்ததும் மூச்சே பிடிபடாது.

ஏரியை விட்டு ஏற்றும்போது அடித் தக்கையைக் கழற்றி, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் ரோட்டில் போக வேண்டும் என்றும் அங்கே சட்டம். ஒரு ஏரியில் பெருகிக் கெடுக்கும் சின்னச் சிப்பி இன்னொன்றுக்குப் போகக் கூடாதாம், நல்ல சட்டம். திரும்ப இறக்கும்போது தக்கையை மாட்டினாயா என்று பார்த்துக்கொள்.

சனிக்கிழமை பார்க்கப் போகிறாய் என்றால், காசு கொடுக்கும் முன் பின்பலகையின் உள்பக்கத்தையும் ரிவெட் வரிசையையும் கிட்டப் படம் எடுத்து அனுப்பு. எனக்கு ராத்திரி ஆனாலும் பரவாயில்லை, விழித்திருக்கிறேன்.

அப்பா