விறகடுக்கு நின்றுவிட்டது

தக்கலை,
ஞாயிறு இரவு

அன்பு மக்கா,

ஏழு மாதமாய் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டு எல்லாம் நேரில் வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை. மழை விடவே இல்லை, ரப்பர் வெட்டு நின்று ஒரு வாரமாகிறது.

நேற்று உன் மாமா பார்த்தார். "இன்னும் அந்தக் கண்ணாடியத்தான் நோண்டிட்டிருக்கியாடே?" ஆமாம், நோண்டினேன். சரியாமல் எழுந்து நின்றுவிட்டது, மக்கா!

போனில் அரைகுறையாகச் சொன்னேனே, அந்த ஃபோட்டானிக் படிகம்தான்: குறிப்பிட்ட ஒளியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும் நுண்ணிய கம்பி அடுக்கு. கண்ணாடித் தகட்டின் மேல் பசை மாதிரி ஒரு பாலிமர். அதற்குள் ஃபெம்டோசெகண்ட் லேசரைக் குவிக்கிறோம், மிகமிகக் குறுகிய துடிப்புகளாக மின்னும் லேசர் அது. அதன் அகச்சிவப்பு ஒளியைப் பசை சட்டை செய்யாது. குவியும் புள்ளியில் மட்டும் இரண்டு ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, ஒரே நேரத்தில் விழுங்கிக் கெட்டியாகிவிடும். இப்படி நடக்கும் என்று இயற்பியலாளர் மரியா கோப்பர்ட்-மேயர் 1931-லேயே கணக்குப் போட்டுவிட்டார். லேசர் வந்ததே 1960-இல்தான். புள்ளியை நகர்த்தி நகர்த்திக் கம்பி வரைய வேண்டும். ஒரு வரிசை நெடுக்கே, அடுத்தது குறுக்கே, மூன்றாவது முதல் வரிசையின் இடைவெளிக்கு நேர் மேலே. பின்கட்டில் உன் ஆச்சி விறகு அடுக்குவார்களே, கிட்டத்தட்ட அதேதான். கம்பிதான் ஒரு மைக்ரான்கூட, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

வரைவதில் பாடில்லை, காயவைப்பதில்தான். மிச்சப் பசையைக் கழுவி எடுத்தால், ஈரம் உலரும்போது பரப்பு இழுவிசை கம்பிகளை இழுத்து ஒட்டிவிடும். குழித்துறை ஆற்றில் குளித்து ஏறும்போது உன் சுருட்டைமுடி எப்படிக் கிடக்கும்? அப்படி. பதினோரு தடவை, மக்கா. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நனைந்த கோழிக்குஞ்சு. பதினொன்றாவது அன்று ராத்திரி ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்திருந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது, நீயும் சொல்லாதே.

அப்புறம் திரவ கார்பன் டை ஆக்சைடில் முக்கி, 31 டிகிரியையும் 73 மடங்கு வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டினோம். அங்கே திரவம், வாயு என்ற பேதமே கிடையாது. பரப்பு இல்லை, இழுக்கவும் ஆளில்லை. பன்னிரண்டாவது நின்றது! அதன் வழியே வந்த அகச்சிவப்பு ஒளியின் அலைமாலையில் ஒரு பள்ளம். பள்ளம் விழுந்த இடத்து ஒளி உள்ளே போக முடியாமல் திரும்புகிறது. எல்லாத் திசையிலும் அல்ல. பாலிமரின் ஒளிவிலகல் எண் 1.5 சொச்சம், எல்லாத் திசையிலும் தடுக்க அது பற்றாது. டஸ்டர் சாராக இருந்தால் பாதி மார்க்தான் போடுவார்.

1987-இல் இந்தப் படிகத்தை யோசித்த இரண்டு பேரில் ஒருவர், சஜீவ் ஜான், கேரளத்தில் பிறந்தவர் என்று உன் மாமாவிடம் பெருமையடித்தேன். "அப்போ களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துக்காரன் முந்திட்டான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புதன்கிழமை வரை இங்கேதான் இருப்பேன். வந்தால் சைக்கிளைப் பற்றி மட்டும் பேசாதே.

உன்,
நோண்டி