இதயத்துக்கே ரத்தம் பத்தலையா? அம்மா கேட்ட கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாசம் எங்க அப்பாவுக்கு ஆஞ்சியோ (இதய ரத்தக் குழாயைப் படம் எடுத்துப் பாக்குறது) பண்ணாங்க, அந்தக் குழாய்ல ரெண்டு எடத்துல அடைப்பு, ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கிற சின்ன வலைக் குழல்) வச்சு அனுப்பிட்டாங்க, இப்ப புளோக்குக்குக் கீழ உள்ள கோப்பிக்கடைக்கு நடந்தே போய் கோப்பி கொசோங் (சீனி போடாத கோப்பி) குடிச்சிட்டு வர்றார். நான் எழுத வந்தது அம்மாவைப் பத்தி. இதயத்துக்கு ரத்தம் பத்தலைன்னு டாக்டர் இங்கிலீஷ்ல சொன்னதை நான் தமிழ்ல சொல்றப்ப அம்மா கேட்டாங்க, "இதயம் முழுக்க ரத்தம்தானே ஓடுது, அதுக்கே எப்படி ரத்தம் பத்தாமப் போகும்? சோறாக்குறவளுக்கே சோறு இல்லையா?" எனக்கு பதில் வரல. ஓ லெவல்ல பயாலஜி படிச்சவ நான், ஏட்ரியம் வென்ட்ரிக்கிள்னு ஒப்பிப்பேன், ஆனா பெத்த தாய்க்குத் தமிழ்ல ஒரு வரி சொல்ல முடியல, மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

அப்புறம் உக்காந்து படிச்சு வரைஞ்சு காட்டினேன். மேல ரெண்டு அறை (ஏட்ரியம்), கீழ ரெண்டு அறை (வென்ட்ரிக்கிள்). உடம்பைச் சுத்தின ரத்தம் வலது மேலறைக்கு வந்து, வலது கீழறைக்கு இறங்கி, அங்கிருந்து நுரையீரலுக்குப் போய் ஆக்சிஜன் ஏத்திக்கிட்டு, இடது மேலறை, இடது கீழறை, அப்புறம் பெருந்தமனிங்கிற பெரிய ரத்தக் குழாய் வழியா உடம்பு பூரா. நடுவுல 4 வால்வு, ஒரு பக்கம் மட்டும் திறக்குற கதவு மாதிரி. இடது கீழறைச் சுவர் வலதை விட ஏறக்குறைய 3 மடங்கு தடிப்பு, ஏன்னா வலதுக்குப் பக்கத்துலயே இருக்கிற நுரையீரல் வரைக்கும் தள்ளினாப் போதும், இடதோ, உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் தள்ளணும். சும்மா உக்காந்திருந்தாலே நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர்!

அந்தத் தடிச்ச சுவரால உள்ள ஓடுற ரத்தத்தை அப்படியே உறிஞ்சிக்க முடியாது. பெருந்தமனி கிளம்புற எடத்துலயே, வால்வுக்குக் கொஞ்சம் மேல, ரெண்டு சின்னக் குழாய் பிரிஞ்சு இதயத்தோட வெளிப்பக்கமாப் படர்ந்து சதைக்குள்ள இறங்குது, அதுதான் கரோனரி, அதுலதான் அப்பாவுக்கு அடைப்பு. இதயம் சுருங்குறப்ப சதை இறுகிடும், அதனால இடது கீழறைச் சதைக்கு வேண்டிய ரத்தம் பெரும்பாலும் அது தளர்ற நேரத்துலதான் போகும். இதைச் சொன்னதும் அம்மா, "அப்ப எல்லாருக்கும் பரிமாறிட்டு, செத்த உக்கார்ற நேரத்துலதான் அவ சாப்பிடுறா"ன்னாங்க. அதேதான்மா!

இன்னொண்ணு, திரும்பி வர்ற ரத்தத்தைக் 'கெட்ட ரத்தம்'னு சொல்ற பழக்கத்தை தயவுசெஞ்சு விட்டுடுவோம். அப்பாவுக்கு ரத்தமே கெட்டுப்போச்சான்னு அம்மா பயந்துட்டாங்க. ஓய்வா இருக்கிறப்ப அந்த ரத்தத்துல முக்கால்வாசி ஆக்சிஜன் அப்படியே இருக்கு, படத்துல நீலமாப் போட்டாலும் உண்மையில அது கருஞ்சிவப்புதான்.

அடைப்பு வேற, வால்வு கோளாறு வேற, இதயத்துல ஓட்டை வேற, நம்ம ஆளுங்க மூணையும் ஒண்ணாப் பேசுறாங்க. அதனால உங்க பத்திரிகையில முழுப் பக்கத்துக்கு ஒரு இதயப் படம் போடுங்க. தமிழ்ப் பேரும் போடுங்க, டாக்டர் வாயில வர்ற இங்கிலீஷ் பேரையும் தமிழ் எழுத்துலயே பக்கத்துல போடுங்க, அப்பதான் ஆஸ்பத்திரியில காதுல விழுறப்ப புரியும். எழுத்து பெருசா இருக்கட்டும், அம்மா அதை ஃப்ரிட்ஜ்ல ஒட்டப் போறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்