தோட்டம் என்றால் கார்டனா, ஃபார்மா?

மூன்றாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு வணக்கம்ங்க.

போன வாரம் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதச் சொன்னோம். ஒரு பையன் 'மை ஃபாதர் ஒர்க்ஸ் இன் எ கார்டன்' என்று எழுதியிருந்தான். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் அவங்க அப்பா மூன்று ஏக்கரில் மஞ்சளும் கரும்பும் போட்டிருக்கிறார். கார்டன் என்றால் தோட்டம் என்று எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைத்தது நாங்கள்தான். நம்ம கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டம் என்றால் கிணறு, மாடு கட்டும் கட்டுத்தரை, சாளை என்கிற தோட்டத்து வீடு, வெள்ளாமை எல்லாம் சேர்ந்தது, அதற்கு ஆங்கிலத்தில் ஃபார்ம் என்று பெயர். கார்டன் என்பது வீட்டை ஒட்டிப் பூச்செடியோ கீரையோ வைக்கிற சின்ன இடம்.

'ஃபாரஸ்ட்' என்ற சொல்லுக்குப் படம் வரையச் சொன்னபோதும் இதேதான். ஒரு பாப்பா சோளத்தட்டு வரிசையாக நிற்க, நடுவில் தலையில் துண்டு கட்டி அவள் ஆத்தா களை எடுப்பதை வரைந்திருந்தாள். வீட்டில் தினமும் "காட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று கேட்கிற குழந்தைக்குக் காடு என்றால் மானாவாரி நிலம்தானே, அவள் மேல் என்ன தப்பு?

அதனால் இனிமேல் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று அர்த்தம் எழுதிப்போட மாட்டோம். அது என்ன, எங்கே இருக்கும், எதற்கு ஆகும் என்று குழந்தையே சொல்ல வேண்டும். ஃபாரஸ்ட் என்றால் யாரும் நடாமல் மரங்கள் தானாக அடர்ந்து வளர்ந்த பெரிய இடம், யானையும் புலியும் இருக்கும், திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பஸ் ஜன்னலில் தெரியுமே அது. இப்படிச் சொன்ன குழந்தை அந்தச் சொல்லை மறக்காது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ராத்திரி சாப்பிடும்போது ஒரே ஒரு சொல்லை எடுத்து, "அப்படின்னா என்ன கண்ணு?" என்று கேளுங்கள். பதில் தமிழில் வரட்டும், உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பத்துத் தடவை எழுது என்று மட்டும் சொல்லாதீர்கள், கை வலிக்குமே தவிர அர்த்தம் ஏறாது.

இந்த வாரச் சொல் 'கிராண்ட்ஃபாதர்'. அப்பாரு (அப்பாவின் அப்பா), அப்புச்சி (அம்மாவின் அப்பா) இரண்டு பேருக்கும் அந்த ஒரே சொல்தான். எப்படி என்று குழந்தையையே விளக்கச் சொல்லுங்கள், திங்கட்கிழமை வகுப்பில் கேட்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்