பழம்பதிப்புகளைத் தந்துதவியோருக்கு நன்றி மடல்

யாழ்ப்பாணத்தில் அச்சேறிய சைவ சித்தாந்த நூல்களினதும் அரசியற் பிரசுரங்களினதும் முற்காலப் பதிப்புகளைத் தேடிச் சேர்க்கும் என் பணிக்குத் துணைநின்ற அனைவருக்கும் உளமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் 1981 இல் பொது நூலகத்தோடு எரிந்துபோன ஊர் இது. எஞ்சியவற்றுட் பலவற்றைக் காத்தவை வீடுகளே.

ஆறுமுக நாவலர் 1849 இல் அச்சுக்கூடம் நிறுவிய வண்ணார்பண்ணையில் வாழும் அம்மையார் ஒருவர், 1995 இடப்பெயர்விலே தம் பாட்டனாரின் புத்தகப் பெட்டியைத் தென்மராட்சிக்குக் கொண்டுசென்று, பழுதின்றித் திரும்பக் கொணர்ந்தவர். அப்பெட்டியை அவர் என்னிடம் ஒப்படைத்த பெருந்தன்மைக்கு எவ்வாறு நன்றி கூறுவேன்! அதிலிருந்த சித்தாந்த நூலொன்றின் முகப்பேட்டில் ஆங்கில ஆண்டு இருந்த மூலையைப் பூச்சி அரித்திருந்தது. ‘ஆனந்த வருடம்’ என்பது மட்டுமே தெரிந்தது. அறுபது ஆண்டுச் சுற்றில் அப்பெயர் 1854 இலும் வரும், 1914 இலும் வரும். பின்னட்டையின் உட்புறத்தில், மங்கிய மையில், உரிமையாளர் 1871 எனத் திகதியிட்டு ஒப்பமிட்டிருந்ததை உருப்பெருக்கியால் வாசித்து, முந்திய ஆண்டே என உறுதிசெய்து தந்த ஓய்வுநிலைத் தமிழாசிரியர் ஐயா அவர்களுக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

அரசியற் பிரசுரங்கள் கிடைப்பது இதனினும் அரிது. நவராத்திரியிற் கும்பத்தடியில் வைத்துப் பூசித்த சித்தாந்த நூல்களை வீடுகள் பேணின. கூட்டங்களில் வழங்கிய ஒற்றைத்தாள்களை எவரும் பேணவில்லை, பிற்காலத்தில் அத்தகைய தாள்களை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்தாகவும் இருந்தது. ஆதலால், 1924 இல் தோன்றிய இயக்கமான யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931 இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கக் கோரிய காலத்துத் துண்டுப்பிரசுரமொன்று, பழைய பஞ்சாங்கத்தின் அட்டைக்குள் ஒட்டுத்தாளாக இருந்ததைக் கண்டு அறிவித்த மானிப்பாய் அன்பரை மறக்கவியலாது. அதை ஈரப்பதமூட்டி, எழுத்துச் சிதையாமற் பிரித்தெடுத்த புத்தகங் கட்டுநருக்கும் நன்றி. மயில்துத்தம் கலந்த பசை பூச்சியைத் தடுத்தாலும் நாளடைவில் தாளையே கெடுத்துவிடும் என்று வற்புறுத்தி, வெறுங் கோதுமைமாப் பசையையே அவர் பயன்படுத்தினார்.

இரவலாகத் தந்தோரின் நூல்கள் யாவும் படியெடுக்கப்பட்டபின், எண்ணிமப் பிரதியுடன் அவரவர் இல்லத்திலேயே நேரிற் கையளிக்கப்படும்.

இங்ஙனம்,
நன்றியுள்ள நூற்சேகரிப்பாளன்,
யாழ்ப்பாணம்.